காற்றுப் படும் கன்னம்

கேம்ப் ரோடு முனையில் நான் முதன்முதலாகப் பக்கம் மாறி ஸ்கூட்டரில் உட்கார்ந்த காலையில் டீக்கடைப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்பத்தேழு, எண்பத்தெட்டில் தாம்பரம் பக்கம் புடவை கட்டிய ஒருத்தி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு காலும் இடப்பக்கம்தான் தொங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. நானோ வலப்பக்கம் காலைத் தொங்கப்போட்டு, லாரிகள் போகிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, இடக்கையால் என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பேப்பர் கடை சிட்டிபாபுவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா வேதாசலம், அண்ணி பக்கம் மாறிக் குந்திகினு கீறாங்க?"

"அவளுக்கு அதான் சௌரியம்," என்று சொல்லிவிட்டு இவர் கியரைப் போட்டார்.

விஷயம் இவ்வளவுதான். இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் எதிர்க்காற்று முழுக்க வலக் கன்னத்தில் அடிக்கும். என் வலி வலக் கன்னத்தில் குடியிருந்தது. அதற்குக் காற்று ஆகாது.

வலி வந்த புதிதில் பல்வலி என்றுதான் நினைத்தோம். முகம் கழுவும்போது, மூக்குத்தியைத் திருகும்போது, சோற்றை மெல்லும்போது, சில நாள் சும்மா 'உம்' கொட்டும்போதுகூட, ஈரக்கையால் சுவிட்சைத் தொட்ட மாதிரி மேலுதட்டிலிருந்து காதுவரை ஒரு வெட்டு வெட்டும். சில நொடிதான். அந்த நொடியில் என் பேரைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடும். அடுத்தது எப்போது என்று நான் காத்துக்கொண்டிருப்பேன். பல் டாக்டர் ஒருத்தர் கடைவாயில் ஒன்றைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அப்படியானால் பக்கத்துப் பல்தான் குற்றவாளி என்று அதையும் பிடுங்கினார். அவரிடமே போய்க்கொண்டிருந்தால் வாயில் வலப்பக்கம் முழுக்க வெறும் ஈறுதான் மிஞ்சியிருக்கும். யாரோ சொல்லி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எட்மண்ட் டாக்டரிடம் போனோம். அவர் என் முகத்தைத் தொடவே இல்லை. நான் உதட்டை அசைக்காமல் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது பல் இல்லம்மா, நரம்பு. பல்லெல்லாம் அநியாயமா போச்சு," என்றார். தொடாமல் இருந்ததற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

அவர் கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தது. மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் சாப்பாடு. அதையும் இடப்பக்கம் மட்டும் மெல்ல வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர். பாதி முகத்துக்கு மட்டும் மஞ்சள். பேச்சைக் குறைத்தேன். மனை விற்ற காசு வந்ததும் வேதாசலம் பெண்டாட்டிக்குக் கர்வம் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன். பெரிய தண்டனை இவருக்குத்தான். ஃபேன் காற்றுகூட என் கன்னத்தில் படக்கூடாது. கத்திரி வெயிலில் செங்கல், மணல் வியாபாரம் பார்த்துவிட்டு வந்து, ஃபேன் போடாத அறையில் பனியன் நனைய நனையப் படுத்துக்கிடப்பார். ஹாலில் போய்ப் படுங்களேன் என்றால், "அங்க கொசு," என்பார். கொசு எங்கள் அறையிலும்தான் இருந்தது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது கிளியம்மாள் பெரியம்மாவை. இவருடைய அம்மாவின் அக்கா, மாடம்பாக்கத்தில் இருந்தாள். தாயில்லாத இவரை வளர்த்தவள். யார் வந்தாலும் இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிப் பிடித்து, முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் "வா" என்பாள். நான் கல்யாணமாகி வந்த அன்று, மாமியார் இல்லாத வீட்டில் என்னை அப்படிப் பிடித்துக்கொண்ட கை அது. அவள் வீட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தல் வாசலில் நான் யாரிடமோ தலையாட்டிவிட்டுத் திரும்பிய நேரம், எதிரே வந்தவள் ஆசையாக என் முகத்தைப் பிடித்துவிட்டாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, பந்தக்காலில் மோதிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். என்ன கத்தினேனோ தெரியாது. சாமி வந்துவிட்டது என்று ஒருத்தி வேப்பிலை ஒடிக்க ஓடினாள். பெரியம்மா மட்டும் நகராமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இன்னாடி பண்ணேன் உனுக்கு?" என்று கேட்டாள்.

நரம்பு, டாக்டர் என்று இவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவளுக்கு ஏறவில்லை. தன் கையில்தான் ஏதோ தோஷம் என்று முடிவு செய்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் யார் கன்னத்தையும் தொடுவதில்லை, யாராவது வந்தால் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இந்த வலிக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். என் நரம்பில் இருந்த கோளாறு அவள் கைக்குப் போய்விட்டது. எப்படியாவது அந்தக் கையை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

நான் வெளியே போவதும் நின்றுபோனது. பஸ்ஸில் யாராவது இடிப்பார்கள். ஸ்கூட்டரில் காற்று. முந்தானையைப் போர்த்திக்கொண்டால் துணி உரசுவதே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "கொடி, இந்தாண்ட வந்து குந்து," என்று வலப்பக்கத்தைக் காட்டினார். ஜெயக்கொடி என்ற பேரில் பாதிதான் இவருக்கு நான். உட்கார்ந்தேன். முன்னால் போய் நின்று, எந்தக் கன்னத்தில் படுகிறது பார் என்று வாயால் ஊதிக் காட்டினார். இத்தனை நாள் இது ஏன் நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மெக்கானிக் அமீருதீனுக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணே, கிக்கர் இந்தாண்டதான் கீது, இன்ஜினும் இந்தாண்டதான். அக்கா காலு வெந்துபூடும். லாரிக்காரன் வேற இந்தப் பக்கமாதான் உரசிக்கினு போவான்."

"மடக்கற மாதிரி ஒரு கால்மிதி வெல்டு வெச்சிக் குடு. சூட்டுக்கு ஒரு தகடு அடி. லாரிய நான் பாத்துக்கறேன்."

"கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

"என் பொண்டாட்டி இப்படித்தான் குந்துவான்னு சொல்லு."

இதை அமீருதீன் பிற்பாடு என்னிடம் சொன்னார். இவர் வாயிலிருந்து என்னைப் பற்றி அத்தனை பெருமையாக ஒரு பேச்சு வந்ததே இல்லை.

அடுத்த கோடைக்குள் மாத்திரை தோற்க ஆரம்பித்தது. அளவைக் கூட்டினார்கள். தலை சுற்றியது. பட்டப்பகலில் வாசற்படி இரண்டாகத் தெரிந்தது. எட்மண்ட் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"ஊசி வழியா அந்த நரம்பைச் சுட்டுடலாம். வலி நிக்கும். எத்தனை வருஷத்துக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் மரத்துப் போயிடும். கன்னம், உதடு எல்லாம். அப்புறம் பழைய கன்னம்தான் வேணும்னு கேட்டா என்னால தர முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்களேன். சும்மா மரக்கிற ஊசி போடறேன். சாயங்காலம் வரைக்கும் இருக்கும்," என்றார்.

வாடகைக் கன்னத்தோடு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேண்டுமென்றே வலப்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்தேன். பல்லாவரம்வரை பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. குரோம்பேட்டையில் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் தாம்பரம் வரும்வரை பேசினேன். மீன் விலை, அவள் மாமியார், என் பல் டாக்டர். வாய் கோணிக்கொண்டு போயிருக்கும். அவள் பெரிய மனதோடு கேட்டுக்கொண்டாள். இவர் பக்கத்தில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் இரண்டு கையாலும் தண்ணீரை வாரி முகம் கழுவினேன். அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது. கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். உதட்டோரம் குழம்பு வழிந்ததை இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உள்கன்னத்தைக் கடித்து ரத்தம் வந்ததும், குழம்பில் உப்பு அதிகமோ என்று நினைத்துக்கொண்டிருந்த பிறகுதான் தெரிந்தது. இவர் விரலால் என் கன்னத்தைத் துடைத்தார். எத்தனையோ நாளாகத் தொடாத இடம். அந்த விரல் வருவதைப் பார்த்தேன், நின்றதைப் பார்த்தேன், போனதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டால் எனக்கென்ன தெரியும்? அப்படித்தான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எறும்பு ஊர்வது மாதிரி உணர்ச்சி திரும்பியது. பின்னாலேயே வலியும் வந்துவிட்டது.

"எப்டி கீது?" என்றார் இவர்.

"பாதிய வெச்சிக்கினு பாதிய குடுக்கச் சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

"உன் மூஞ்சி. நீதான் சொல்லணும்."

எனக்குக் கோபம் வந்தது. எந்த மனையை விற்பது, எந்த ஸ்கூட்டரை வாங்குவது என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவர், இதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று இரண்டு நாள் பேசவில்லை. நான் பேசாததை அந்த வீட்டில் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன்; வலித்தாலும் என் கன்னம்தானே. அப்போதெல்லாம் முந்தானைக்குள் சுருட்டி வைத்த அந்தக் கைதான் கண் முன்னால் வந்து நிற்கும். பெரியம்மாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு இரண்டு கை. எனக்கு ஒரு கன்னமாவது மிஞ்சும். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஊசி போட்டு வீடு திரும்பிய மத்தியானம் இவர் ஃபேனை முழு வேகத்தில் போட்டார். ஓடாமல் கிடந்ததால் தூசி கொட்டி இரண்டு பேரும் தும்மினோம். தும்மினாலும் வலிக்கவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் மாடம்பாக்கம் கிளம்பினோம். எல்லாப் பெண்களையும் போல இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். சிட்டிபாபு, "இப்பதான் அண்ணி சரியா குந்திகீறாங்க," என்று சர்டிபிகேட் கொடுத்தார். முடி பறந்து கண்ணில் விழுவதை வைத்துத்தான் காற்று அடிக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கன்னத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தி வைத்த ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"அமீருகிட்ட சொல்லி அந்தக் கால்மிதிய அறுத்துடலாம்," என்றார் இவர் வழியில்.

பெரியம்மா வாளித் தண்ணீரில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக்கையை அப்படியே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வாடி. குந்து," என்றாள், என் கழுத்தைப் பார்த்தபடி. நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, புடிங்க."

"வோணாண்டி."

"சரியாப் பூட்ச்சி. புடிங்க."

அவள் அசையவில்லை. நானே முந்தானையை விலக்கி இரண்டு கையையும் எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் அவள் உள்ளங்கையின் சொரசொரப்பு, கீரைத் தண்ணீரின் ஈரம், அதற்கடியில் சூடு, எல்லாம் தெரிந்தது. வலப்பக்கம் அவள் கை வளையலைப் பார்த்துத்தான் கை அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

"நோவுதாடி?"

"இல்ல, பெரியம்மா."

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

அவள் முன்பு பார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தும் கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளவில்லை. பாதிக் கன்னத்துக்கு எதுவும் தெரியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. வாசலில் இவர் எங்கோ பார்த்தபடி நின்றார். இவருக்குத் தெரியும்.

புறப்படும்போது இவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி இடப்பக்கம் எனக்காகச் சாய்த்துப் பிடித்தார். நான் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், மடக்கி வைத்திருந்த கால்மிதியைக் காலால் தள்ளி இறக்கினேன்.

"அதான் சரியாப் பூட்ச்சே, அந்தாண்ட குந்தேன்."

"இந்தாண்டதான் குந்துவேன்."

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நான் தோளைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து கியரைப் போட்டார். ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிர்க்காற்று வேகமாக வந்து என் இடக் கன்னத்தில் அடித்தது. பெரியம்மா கைவைத்த இடத்தில் கீரைத் தண்ணீர் இன்னும் காயாமல் இருந்திருக்க வேண்டும். அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.