சந்தனம் அடைத்த டிஸ்க்

பகல் பன்னிரண்டு மணிக்கு, டோக்கன் நாற்பத்தொன்றோடு சர்வர் நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு நாகம்மாள் அக்காவுடையது. அவருடைய குறுவை நெல் மூட்டை மூட்டையாகக் களத்தில் கிடந்தது. குத்தாலம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எடைச்சீட்டு அச்சாகாமல் எங்கள் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைகூடக் கொட்டகைக்குள் போகாது. நனைந்த நெல்லை யாரும் வாங்கமாட்டார்கள்.

“டிஸ்க் நிரம்பிடுச்சு சார்,” என்றேன். “டேட்டாபேஸ் எழுதுற லாக் ஃபைலுங்க மொத்த இடத்தையும் அடைச்சிடுச்சு.”

மேனேஜர் குணசேகரன் வாயில் வடையோடு, “லாக்குன்னா பழைய குப்பைதானே? அழிச்சுடு,” என்றார்.

“குப்பை இல்ல சார், எழுதின கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு. அழிச்சா டேட்டாபேஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.”

“அப்ப சென்னைக்கு போன் போடு. டைப் அடிக்க வந்த பொண்ணு, தெரியாததுல கைய வைக்காத.”

நாளைக்குத்தான் ஆள் வரும் என்றது சென்னை. என் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்தது இவருக்கு டைப் அடிக்கவா? பீரோவைத் திறந்தேன். கண்காணிப்புக் கேமராவுக்காக வாங்கிய புது டிஸ்க் காலியாகக் கிடந்தது.

ஒயர் உள்ளே போகவில்லை. ஆயுத பூஜையன்று குணசேகரன் வைத்த சந்தனம், டிஸ்க்கில் ஒயர் செருகும் ஓட்டையில் காய்ந்து கல்லாகியிருந்தது.

“சாமிக்கு வச்சது,” என்றார்.

“சாமி ஓட்டைக்குள்ளதான் வைக்கச் சொல்லிச்சா சார்?”

ஜன்னலுக்கு வெளியே நின்ற நாகம்மாள் அக்கா, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். “நோண்டு பாப்பா, மேகம் எறங்குது.”

நோண்டினேன். விளக்கு எரிந்தது! டேட்டாபேஸை நிறுத்தினேன். லாக் டைரக்டரியைப் புது டிஸ்க்குக்குக் காப்பி செய்து, பழையதற்குப் பேரை மாற்றி, அது இருந்த இடத்தில் அதே பேரில் ஒரு லிங்க் போட்டேன்.

“என்ன பண்ற பாப்பா?”

“கதவு அதே கதவுதான்க்கா. உள்ள போனா புது ரூம்.”

ஸ்டார்ட் கொடுத்தேன். அனுமதி இல்லை என்றது ஸ்க்ரீன்.

“நான் சொல்லல?” என்றார் குணசேகரன்.

அவசரத்தில் அட்மினாக இருந்து காப்பி செய்திருந்தேன். புது டைரக்டரி அட்மினுக்குச் சொந்தமாகிவிட்டது; டேட்டாபேஸுக்கு அதில் எழுத உரிமை இல்லை. உரிமையை மாற்றி மறுபடி தட்டினேன்.

பிரிண்டர் கிர்ரென்றது. நாற்பத்திரண்டு!

“தூக்குங்கய்யா!” அக்கா போட்ட சத்தத்தில் லோடுமேன்கள் ஓடினார்கள். குணசேகரன் போனில் சென்னையிடம், “நாங்களே பாத்துட்டோம்,” என்று குழைந்தார். போனைப் பிடுங்கினேன்.

“நாங்க இல்ல சார், நான். எழில்மொழி. எழுதிக்கங்க.”

கடைசி மூட்டை உள்ளே போனது. முதல் தூறல் விழுந்தது.

“இப்ப பேஞ்சுக்க!” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார் நாகம்மாள் அக்கா. நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கத்தினேன்.