தன்னார்வக் கோளாறு

கல்லூரியிலிருந்து வந்த சுற்றறிக்கை ரொம்பச் சுருக்கமானது. "மாணவர்கள் அனைவரும் கட்டாயம் தன்னார்வத்துடன் முன்வந்து மருத்துவமனையில் நாற்பது மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். முன்வராதவர்கள் தேர்வெழுத அனுமதிக்கப்பட மாட்டார்கள்." இதை எழுதிய புண்ணியவான் இரண்டாம் முறை படித்துப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அப்படித் தன்னார்வத்தோடு இழுத்துவரப்பட்ட பன்னிரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் ஒருத்தியின் தலையில் கட்டினார்கள். அவளுடைய பதவி "இளையோர் தன்னார்வச் சேவை ஒருங்கிணைப்பாளர்." அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் பாதி நோயாளிகளுக்குக் குணமாகிவிடும் என்பதால் பிள்ளைகள் அக்கா என்று நிறுத்திக்கொண்டார்கள். நர்சுகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஆர்வக்கோளாறு என்றார்கள். அதிலும் தப்பில்லை. பதினோரு வருஷம் தரைக்கடியில் பதிவேட்டு அறையில் பழைய கேஸ் ஷீட்டுகளோடு கிடந்தவளுக்கு மேலே வெளிச்சத்தில் ஒரு வேலை கிடைத்தால், ஆர்வம் கொஞ்சம் தலைக்கேறத்தான் செய்யும்.

அந்த வெளிச்சத்துக்கும் ஒரு கெடு வைத்திருந்தார் கண்காணிப்பாளர்.

"ஆறு வாரம் டைம். அப்புறம் ஒரு அதிகாரி வந்து நேரா நோயாளிங்ககிட்டயே கேப்பார். நூறு பேர்ல அம்பது பேராவது 'உதவி செஞ்சாங்க'ன்னு சொல்லணும். சொல்லலேன்னா திட்டத்தை மூடிடுவோம். நீங்க பழையபடி கீழ போயிடலாம்."

"அம்பது என்ன சார், தொண்ணூறு பேர் சொல்லுவாங்க" என்றாள் அக்கா. வாய் சும்மா இருந்தால்தானே.

வேலை என்னவோ எளிதுதான். வருகிறவர்களைச் சரியான அறையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் ஒருவர், பக்கத்துக் கட்டடத்தோடு இணைத்தவர் ஒருவர், அறைகளுக்கு எண் போட்டவர் இன்னொருவர். மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. பதினாலாம் அறைக்கு அடுத்தது முப்பத்தொன்று. கண் பிரிவுக்குப் போக ஒரு மாடி ஏறி, நீளமாக நடந்து, மறுபடி அரை மாடி இறங்க வேண்டும். ஏறிய காரியம் என்ன, இறங்கிய காரியம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

அக்கா மூன்று நாள் பயிற்சி கொடுத்தாள். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மேல்சட்டை. கை கூப்பும் விதம், சிரிக்கும் அளவு, நிற்கும் தூரம், கடைசியில் மனப்பாடமாக ஒரு வாக்கியம்: "வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிப் பழகினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் மூன்று நாளும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள். கொட்டாவி என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கும் எழுந்து உட்கார வேண்டுமே.

முதல் வாரம் மானம் போயிற்று. ஆரஞ்சுச் சட்டையைக் கண்டதும் ஜனங்கள் சிதறி ஓடினார்கள்.

"இன்சூரன்ஸ் எல்லாம் ஏற்கெனவே போட்டாச்சும்மா, ஆளை விடு" என்றார் ஒருவர். இன்னொருவர் பையை இறுக்கி அணைத்துக்கொண்டார். நன்றாக உடுத்தி வந்த ஓர் அம்மாள், "எங்களைப் பாத்தா உதவி கேக்குறவங்க மாதிரியா இருக்கு?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் உதவி பெற்றவர்கள் நான்கே பேர். அதில் இருவர் கேட்டது போன் சார்ஜர்.

இரண்டாம் வாரம் ஒரு ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வந்தார். கண் பிரிவுக்குச் சீட்டு வாங்கியிருந்தார். ஒரே தாழ்வாரத்தை மூன்று முறை சுற்றிவிட்டார். ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஏதோ தீர்மானத்துக்கு வந்தவர்போல் தப்பான பக்கம் நடந்தார். இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் அடுத்தடுத்து அவரிடம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பின.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்யா நான். எனக்கு நீ வழி சொல்றியா? போ, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

அந்த நேரம் பார்த்து, தாமதமாக, சட்டையையும் வீட்டில் மறந்துவிட்டு, கொட்டாவி வந்து சேர்ந்தாள். அவர் கையிலிருந்த கண் பிரிவுச் சீட்டைப் பார்த்துவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், இந்தக் கண் டிபார்ட்மெண்ட் எங்க இருக்குன்னு தெரியுமா? அரை மணி நேரமா சுத்துறேன். ஒண்ணுமே புரியல."

டிரைவரின் முதுகு நிமிர்ந்தது. "அப்படிக் கேளு. நானும் அங்கதான் போறேன். என் பின்னாலயே வா, பராக்குப் பாக்காதே."

அவர் முன்னால் நடந்தார். அவள் அரை அடி பின்னால் நடந்துகொண்டே பலகைகளை உரக்கப் படித்தாள். "இங்க எக்ஸ்ரேன்னு போட்டிருக்கு அங்கிள். அப்ப இது இல்ல போல?"

"இல்லதான். எனக்குத் தெரியாதா?"

"இந்த அம்புக்குறி மாடிக்குப் போகச் சொல்லுது."

"அதான் ஏறிக்கிட்டிருக்கேனே. பேசாம வா."

கண் பிரிவு வாசலில் அவளை உட்காரவைத்து, "இடத்தை விட்டு நகராதே, மறுபடி தொலைஞ்சிடுவே" என்று எச்சரித்துவிட்டுத்தான் அவர் உள்ளே போனார்.

பின்னாலேயே ஒளிந்து வந்த அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, இப்படிப் பொய் சொல்றே?"

"பொய் எங்கக்கா? எனக்கும் நெஜமாவே வழி தெரியாது. போர்டைப் படிச்சேன், அவ்வளவுதான்." கொட்டாவி ஒன்று வந்து போனது. "அவருக்கு போர்டுல இருக்கிற எழுத்து கண்ணுக்குத் தெரியலக்கா. கேட்டா ஒத்துக்க மாட்டார். எங்கப்பாவும் அப்படித்தான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைவிட இந்தத் தூங்குமூஞ்சி சொன்னதில் விஷயம் இருந்தது. உதவி வேண்டுமா என்று கேட்டால் முறைக்கிறவர்கள், உதவி செய்யச் சொன்னால் ஓடி வருகிறார்கள்.

மறுநாள் ஆரஞ்சுச் சட்டைகள் பீரோவுக்குள் போயின. பன்னிரண்டு பேரும் தொலைந்துபோனார்கள். எங்கே பார்த்தாலும் விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள். ரத்தப் பரிசோதனைக்கு வழி தெரியாமல் ஒருவன், மருந்து வாங்கும் வரிசை புரியாமல் ஒருத்தி. நெட்டையாக ஒருவன் இருந்தான். அவன் உயரத்துக்குத் தொலைந்துபோவதே கஷ்டம். அவன்கூட வெற்றிகரமாகத் தொலைந்தான். ஜனங்கள் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள், அந்தச் சாக்கில் தாங்களும் போக வேண்டிய அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாற்பது மணி நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதையே மறந்தார்கள். கொட்டாவி ஒருநாள் எட்டு மணிக்கே வந்து நின்றபோது, காவலாளி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாம் வாரம் அதிகாரி வந்து, வெளியே போகிறவர்களை நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தபோதுதான் கெடு நினைவுக்கு வந்தது.

"இங்க இளைஞர்கள் யாராவது உங்களுக்கு உதவினாங்களா?"

"உதவியா? நாங்கதான் பாவம் ஒரு பையனுக்கு வழி காட்டினோம்."

அடுத்தவரும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த அம்மாளும். அதிகாரி காகிதத்தில் வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே போனார். கண்காணிப்பாளரின் முகம் ஒவ்வொரு 'இல்லை'க்கும் இறுகியது.

அப்போது பஸ் டிரைவர் வந்தார். கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு கொட்டாவி.

"எனக்கு எதுக்கு சார் உதவி? இந்தப் பொண்ணுக்கு நான்தான் மூணு தடவை வழி காட்டியிருக்கேன். நல்ல பொண்ணு, புத்திதான் கொஞ்சம் மந்தம்" என்றார் பெருமையாக. கையிலிருந்த சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அக்காவின் வாய் திறந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நடந்ததைச் சொன்னால் அதிகாரி விழுந்து விழுந்து சிரிப்பார், அத்தனை 'இல்லை'யும் 'ஆம்' ஆகிவிடும். அவளுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். கீழே போக அவளுக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம். ஆனால் சொன்னால் இந்த மனுஷன் முகம் என்ன ஆகும் என்று பார்த்தாள். கொட்டாவியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சொன்னபடியே எழுதிக்கோங்க சார்" என்றாள் அக்கா.

நூற்றுக்கு இரண்டு வந்தது. இரண்டு பேரும் அன்றைக்குப் பிள்ளைகளிடம் போன் சார்ஜர் வாங்கியவர்கள். அன்று மாலையே திட்டத்தை மூடினார்கள். மிச்ச மணி நேரத்தைக் கல்லூரித் தோட்டத்தில் புல் பிடுங்கிக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளுக்கு உத்தரவு போயிற்று. அக்கா கீழே போனாள். போன அன்று அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். மேலே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடப் பிடிக்காமல், பின்பக்க வாசல் வழியாகவே வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் புகார்ப் பெட்டியிலிருந்து எடுத்த கடிதங்கள் பதினேழு கிடந்தன.

"படிங்க" என்றார். குரல் கடுகடுவென்று இருந்தது.

"இந்த ஆஸ்பத்திரியில் வயசுப் பிள்ளைகள் வழி தெரியாமல் அலைகிறார்கள், கேட்க நாதியில்லை" என்றது ஒன்று. "ஒரு நெட்டைப் பையனை எக்ஸ்ரே அறைக்கு நானே கொண்டுபோய் விட்டேன், இது உங்கள் வேலையா என் வேலையா?" என்றது இன்னொன்று. மூன்றாவது கடிதத்தில் எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. "எனக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, கண் நன்றாகத் தெரிகிறது. இனி நான் இங்கே வர வேண்டியதில்லை. எனக்கு ஒரே கவலைதான். அந்தக் கொட்டாவி விடும் பெண்ணை இனி யார் பார்த்துக்கொள்வது? தயவுசெய்து ஆள் போடவும்."

அக்கா தேதிகளைப் பார்த்தாள். நேற்று. முந்தாநாள். போன வாரம். எல்லாம் திட்டத்தை மூடியதற்கு அப்புறம் எழுதியவை.

"திட்டத்தைத்தான் மூடிட்டோமே, இதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"தெரியல சார்."

"பதினேழு புகார். மேலிடத்துக்குப் போனா என் தலை உருளும். அந்தப் பிள்ளைங்களுக்கு வழி காட்ட உடனே ஒரு ஆளைப் போடணும். யாரைப் போடலாம், சொல்லுங்க."

"என்னைப் போடுங்க சார்."

அவர் அங்கேயே உத்தரவு எழுதினார்: "மருத்துவமனையில் வழி தெரியாமல் அலையும் இளைஞர்களுக்கு உதவ." அக்கா அதை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பேர் இருந்தார்கள். சான்றிதழ் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, வராவிட்டால் கேட்க ஆள் கிடையாது. வந்திருந்தார்கள். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம், ஒன்பது பேரையும் நிற்கவைத்துத் திட்ட வேண்டும்போல் இருந்தது.

மாடிப்படியடியில் கொட்டாவி நின்றுகொண்டிருந்தாள். "என்னக்கா, இந்தப் பக்கம்?"

"வேலை போட்டுக் கொடுத்திருக்காங்கடி. உங்களுக்கெல்லாம் நான் வழி காட்டணுமாம்."

"நீங்களா? பதினோரு வருஷம் கீழயே கெடந்தீங்க, உங்களுக்கே இங்க ஒரு வழியும் தெரியாதே!"

"அதனாலதாண்டி என்னைப் போட்டிருக்காங்க" என்றாள் அக்கா.