பெல்ட் ஏறிய உயரம்

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று எழுதத்தான் ஆசை. உதிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நண்பன் வீட்டு வண்டிக் கொட்டகையில், நான் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கண்ணெதிரே நடந்தது. இரண்டாவது வரைவில் என்னைக் கதையிலிருந்து தூக்கிப் பார்த்தேன். போல்ட்டை யார் பிடிப்பது என்ற சிக்கல் வந்தது. ஆகவே இருக்கிறேன். எதைக் கழற்றி மாட்டினாலும் ஒரு நட்டை மிச்சம் வைப்பவன் என்பதால் எனக்கு நட்டு என்று பெயர்.

2.

முதல் தொடக்கம்: ‘அதிர்ச்சி என்பது மனித மனத்தின் ஆழத்தில்...’

(அடித்துவிட்டேன். மனத்தின் ஆழத்துக்கு நான் போனதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘அவன் அம்மாவின் ஸ்கூட்டருக்குப் பிக்கப் இல்லை.’

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம். சனியும் ஞாயிறும் அம்மாவுக்கு விடுமுறை. சனிக்கிழமை மட்டும் வண்டி அவனுக்கு. கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு மேடு. போன சனிக்கிழமை அந்த மேட்டில், பின்னால் நான் உட்கார்ந்திருக்க, சைக்கிளில் முட்டை விற்பவர் ஆறு தட்டு முட்டையோடு எங்களை முந்தினார். முந்தியதோடு விடாமல் திரும்பிப் பார்த்து, “தள்ளி விடணுமா தம்பி?” என்றார்.

அன்று மாலையே அவன் ஒன்பது கிராம் ரோலர்கள் ஆறு வாங்கினான்.*

* கியர் மாற்றாத ஸ்கூட்டரில் அந்த வேலையை ரோலர்கள் செய்கின்றன. இன்ஜின் சுழலச் சுழல இவை வெளிப்பக்கம் ஓடி ஒரு தட்டைத் தள்ளும். தட்டு நெருங்க நெருங்க பெல்ட் அதன்மேல் ஏறும். எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு வேகம். ரோலரின் எடையைக் குறைத்தால் மேட்டில் சுறுசுறுப்பு கூடும், உச்சவேகம் குறையும். புரியாவிட்டால் பரவாயில்லை; எனக்குப் புரிய மூன்று வருடமும் ஒரு அரியரும் ஆயிற்று.

3.

அம்மாவைப் பற்றி. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கண் மருத்துவமனையில் பார்வை அளப்பவர். நாலே முக்காலுக்கு வேலை முடியும். ஐந்தரைக்கு வீட்டில் இருப்பார். நாற்பதைத் தாண்டாதவர். தாண்டுகிறவர்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் நீண்ட கருத்துகள் உண்டு. வண்டியின் வேகமுள் ஒரு வருடமாக நாற்பதிலேயே சிக்கி நிற்கிறது; நிறுத்தி வைத்திருக்கும்போதும் நாற்பது. சரிசெய்யலாமா என்று கேட்டதற்கு, “எதுக்குடா, நான் போறது அதுதானே” என்றாராம்.

(இந்த இடத்தில் புத்திசாலி வாசகர் சந்தேகப்பட்டிருப்பார். நாங்கள் படவில்லை. நாங்கள் பொறியியல் மாணவர்கள்.)

4.

அம்மா தூங்கும் நேரம் பார்த்து மூடியைக் கழற்றினோம். தட்டை வெளியே எடுத்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

“என்னடா, உடைஞ்சிருச்சா?”

“நட்டு, நாப்பதுல போற வண்டியில பெல்ட் எதுவரைக்கும் ஏறும்?”

“பாதி வரைக்கும். மீதில கறுப்புத் தூசி ஒட்டியிருக்கும்.”

தட்டைத் திருப்பிக் காட்டினான். நடுவிலிருந்து விளிம்பு வரை கண்ணாடிபோலப் பளபளத்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. பெல்ட் தினமும் உச்சிக்கு ஏறி இறங்கியிருக்கிறது.

“நீ ஓட்டினதா இருக்கும்.”

“முட்டைக்காரர் கேட்டது மறந்துபோச்சா?”

உச்சி என்றால் இந்த வண்டிக்கு எண்பது. அவன் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டான். முப்பது கிலோமீட்டரை நாற்பதில் வந்தால் நாற்பத்தைந்து நிமிடம். எண்பதில் வந்தால் அதில் பாதி. ஆனால் வீட்டுக்கு வருவது என்றும் ஐந்தரைக்குத்தான்.

“அப்ப இருபத்திரண்டு நிமிஷம்,” என்றான். “தினமும். எங்க போகுது?”

பிறகுதான் பெல்ட்டைப் பார்த்தோம். வளைத்தபோது, பற்களின் அடியில் வரிசையாக வெடிப்புகள்.

“இது எண்பதுல அறுந்து பின்சக்கரத்தப் பூட்டிச்சுன்னா...”

இந்த வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவன்தான் முடிக்கவில்லை.

5.

இருபத்திரண்டு நிமிடத்துக்கு நான் யோசித்துவைத்த காரணங்கள்:

மகனின் படிப்புக்காக இரண்டாவது வேலை. (வேண்டாம். நாங்கள் படிக்கிற லட்சணத்துக்கு அது அநியாயம்.)

காதல். (எழுதிப் பார்த்தேன். மறுநாள் அவர் வீட்டில் எனக்குத் தோசை விழாது என்று தோன்ற, நிறுத்தினேன்.)

எங்கேயும் போவதில்லை. ஏதோ ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, யாருக்கும் அம்மாவாக இல்லாமல், சும்மா...

(இதை வெட்ட மனமில்லை. ஆனால் ஆதாரமும் இல்லை.)

6.

“என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?”

கொட்டகை வாசலில் அம்மா. கன்னத்தில் தலையணை மடிப்பு. ஒரு வரைவில் அவரைக் கத்தவைத்தேன், இன்னொன்றில் அழவைத்தேன். நடந்தது இது: குந்தி உட்கார்ந்தார். செய்தித்தாளில் கிடந்த புது ரோலரை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

“எத்தனை கிராம்?”

அவன் வாய் திறந்தது. ஒலி கொஞ்சம் தாமதமாக வந்தது. “ஒம்பது.”

“மேட்டுல நல்லா ஏறும். மேல இழுக்காதுடா. எழுபதுலயே கத்தும். பழசு பன்னெண்டு, அதையே போடு.”

அவன் ரோலரை அம்மா கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

“எங்கம்மா போற?”

“எங்க?”

“அந்த இருபத்திரண்டு நிமிஷம்.”

அம்மா தரையில் இருந்த கணக்கைப் படித்தார். விடையைச் சரிபார்ப்பதுபோல ஒருமுறை. பிறகு என்னைப் பார்த்தார்.

“நட்டு, உள்ள போய் ஒரு பழைய துணி எடுத்துட்டு வாப்பா. நல்லா தேடி எடு.”

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியேற்றியதில்லை. துணி முதல் அலமாரியிலேயே இருந்தது. இருந்தாலும் நல்லாத் தேடினேன். சன்னல் வழியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா பேசினார், கொஞ்ச நேரம். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

நான் வந்தபோது அம்மா போய்விட்டிருந்தார். அவன் வெடித்த பெல்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். கடைக்குப் போனோம். இருப்பதிலேயே உறுதியான பெல்ட், பன்னிரண்டு கிராமில் புது ரோலர்கள். “மேல இழுக்கும்ல?” என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டான். நட்டுகளை என்னைத் தொடவிடவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை இறுக்கிப் பார்த்தான்.

இப்போதும் சனிக்கிழமைகளில் முட்டைக்காரர் எங்களை முந்துகிறார். அவன் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறான்.

7.

அம்மா சொன்னது என்ன என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். “பெல்ட்டப் பத்திக் கேளு, சொல்றேன்” என்கிறான்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக, எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒரு நட்டும் மிச்சமில்லை. மிஞ்சியது இருபத்திரண்டு நிமிடம்தான். கையை நீட்டுங்கள், தருகிறேன். அவரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். யாரோடு வேண்டுமானாலும், யாரும் இல்லாமலும்.

ஒரே நிபந்தனை. ஐந்தரைக்கு அவர் வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். முள் நாற்பதில் இருக்க வேண்டும்.