மாப்பிள்ளை வீட்டு வெளிச்சம்

தலைக்கு மேல் தடார் என்று ஒரு சத்தம். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தையல்காரனின் கால் அப்படியே நின்றது. காலர் துணிக்குள் பாதி இறங்கிய ஊசியும் நின்றது.

"ஐயோ, போச்சுடா!" அடுப்படியிலிருந்து முதலில் அம்மாவின் குரல் வந்தது, பின்னாலேயே அம்மாவும் வந்தாள். "நம்ம சோலார் விழுந்துடுச்சு! எவ கண்ணு பட்டுச்சோ, நாசமாப் போறவ!"

காலையிலிருந்தே பேய்க்காற்று. கல்யாணச் சீராக வந்து தகரக் கூரையில் பூட்டியிருந்த சோலார் பேனலின் கிளாம்ப் ஒன்று அறுந்து, பேனல் சரிந்து, ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, உடையவில்லை. தையல்காரன் ஏணி வைத்து ஏறி, கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினான். கீழே நின்ற அவன் மனைவி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடிப் பக்கம் உராயாமல் தைக்க வந்த துணி மூட்டைமேல் கவிழ்த்து வைத்தாள். பழகிய கை. தினமும் காலையில் ஏறி அதைத் துடைக்கிறவளும் அவள்தான்.

பேனலின் முதுகை அம்மா பார்ப்பது அதுவே முதல் தடவை. கத்திரிக்காயைக்கூட நாலு தடவை திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடாதவள் அவள்.

"இதென்னடி, வயர்ல கறுப்பா சுத்தியிருக்கு?"

மருமகள் ஏணியை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

அம்மா நகத்தால் கீறினாள். வெயிலில் வெந்து வெடித்திருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "சைக்கிள் டியூப்பு! புதுப் பொருளுக்கு எதுக்குடி கட்டு?"

"எங்கப்பா கட்டினது, அத்தை."

"எப்ப கட்டினாரு?"

"நான் ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்ப."

கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. அம்மாவுக்குக் கணக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் வீடு இரண்டுபட்டது.

"அப்ப இது பழசா! பழசைத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கி நம்ம தலையில கட்டிட்டாங்களா? கேட்டியாடா? உங்க மாமனார் பஞ்சர் ஒட்டறதுல கெட்டிக்காரர்னு நினைச்சேன். ஆளுங்களுக்கே ஒட்டுப் போட்டு அனுப்பறாரே!"

தையல்காரன் அம்மாவைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவன் மனசில் ஓடியது வேறு.

"உங்க வீட்டுக் கூரையில இருந்துச்சே... அதுவா இது?"

"எங்ககிட்ட வேற எது இருந்துச்சு?" என்றாள் அவள்.

பெண் பார்க்கப் போன நாள் அவனுக்கு நினைவு வந்தது. மாமனாரான சைக்கிள் கடைக்காரரின் தெருவில் மின்கம்பங்கள் வரிசையாக நின்றன. கம்பி மட்டும் வரவில்லை. கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி ஜனங்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டின் கூரையில்தான் சோலார் பளபளத்தது. அக்கம்பக்கத்தார் போனுக்குச் சார்ஜ் போட வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கே இருக்கு. பொண்ணு போற வீட்டுக்கு ஒண்ணு தர மாட்டீங்களா?"

தையல்காரனின் தெருவில் கரண்ட் இருந்தது. இஷ்டத்துக்குப் போகும், இஷ்டத்துக்கு வரும், இருந்தாலும் இருந்தது. அதை அவன் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சைக்கிள் கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே அவன் சொன்னது ஒன்றுதான்: "அம்மா சொன்னா சரிதான்."

அந்த மூணு வார்த்தையில் ஒரு வீடு இருண்டு போனது இப்போதுதான் தெரிகிறது.

அதன் பிறகு எத்தனையோ தடவை மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஒரு தடவையாவது நிமிர்ந்து கூரையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மாமியார் அவசரப்படுத்துவாள்: "கிளம்புங்க மாப்பிள்ளை. இருட்டிட்டா வழியில நாய்த் தொல்லை." என்ன அக்கறை என்று அவன் கடையில் எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறான். கரண்ட் போன நேரத்திலும் தைத்துத் தருகிறவன் என்று அவனுக்குப் பேர் வந்ததும் இந்த ஒரு பல்பு வெளிச்சத்தில்தான். அந்தப் பேரை நினைத்தபோது வாய் கசந்தது.

"வண்டியில ஏத்து," என்றாள் அம்மா. "கொண்டுபோய் அவங்க வாசல்ல போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டு வா. புதுசு வர்ற வரைக்கும் இவளும் அங்கேயே இருக்கட்டும்."

அவன் பக்கத்து வீட்டு வெங்காய வியாபாரியின் தள்ளுவண்டியை இரவல் வாங்கினான். பேனலைப் படுக்கவைத்து, அதன் பேட்டரியையும் பக்கத்தில் வைத்துக் கட்டினான். காற்று அடங்கியதும் இருவரும் கிளம்பினார்கள். அவன் தள்ள, அவள் ஒரு கையால் பேனலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

பாதி வழியில் அவள்தான் கேட்டாள்.

"ஏங்க, எங்கப்பாகிட்ட புதுசு கேக்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"இதை மறுபடியும் உங்க வீட்டு மேல பூட்டப் போறேன். ராத்திரிக்குள்ள நாம ரெண்டு பேரும் திரும்பி வரப் போறோம்."

"அத்தை கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவள் நடையை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குப் பேச வரும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. அவன் தலையைக் குனிந்து தள்ளினான்.

அவள் தெருவுக்குள் வண்டி நுழைந்ததும்தான் அவன் யோசிக்காத ஒன்று எதிரே வந்தது. தெருக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வாசலில் நின்றவர்கள் வாயை நிறுத்தினார்கள். கல்யாணத்தன்று இதே பேனல் இதே வழியாகத்தான் போனது. இன்றைக்குத் திரும்பி வருகிறது, பெண்ணும் கூடவே வருகிறாள். கொடுத்த பொருளும் பெண்ணும் ஒன்றாகத் திரும்பி வந்தால் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான்.

"என்னடி, பொருளோட வந்துட்டே?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"பொருள்தான் வந்திருக்கு அக்கா. நான் துணைக்கு வந்தேன்," என்றாள் அவள். குரல் கெட்டியாகத்தான் இருந்தது. பேனலைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்திருந்தன.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சைக்கிள் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். கையெல்லாம் கிரீஸ். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அந்தக் கைகளைக் கூப்பினார்.

"தப்பு என்மேலதான் மாப்பிள்ளை. புதுசுன்னு நான் சொல்லல. பழசுன்னும் சொல்லல. வாங்க முடியாமதான்... எப்படியாவது புதுசு வாங்கித் தந்துடறேன். பொண்ணை மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க."

தன் அப்பா வயசுக்காரர். அவரைக் கைகூப்ப வைத்திருக்கிறோம். தையல்காரனுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"மாமா, கையை இறக்குங்க. உள்ள போய்ப் பேசலாம்."

உள்ளே நுழைந்தபோது வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. வீட்டுக்குள் அது இல்லை. சிம்னி விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே கூரையில் பெரிய தோசைக்கல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. விளக்கடியில் புத்தகத்தோடு குனிந்திருந்த மைத்துனி எழுந்து, "வாங்க அத்தான்," என்றாள். அவள் முன்னெற்றி முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது. மண்ணெண்ணெய்ப் புகையில் மாமியார் இருமினாள்.

"திரியைக் கொஞ்சம் ஏத்துடி. மாப்பிள்ளை வந்திருக்காரு."

"ஏத்தினா எண்ணெய் நாளைக்கு வராதும்மா."

நடுக்கூடத்தில் பழைய வயர் அப்படியே தொங்கியது. அதன் நுனியில் பல்பு இருந்தது. தூசி படாமல் யாரோ அதற்குத் துணி கட்டி வைத்திருந்தார்கள். அது அவன் தைத்த சட்டையில் மிஞ்சிய துணி. மனைவி ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தது. அதற்கு மேல் அவனால் அங்கே உட்கார முடியவில்லை.

"ஸ்பேனர் குடுங்க மாமா. ஏணி எங்க இருக்கு?"

"எதுக்கு மாப்பிள்ளை?"

"இதை மேல பூட்டணும். பழையபடி."

"அப்ப புதுசு?"

"புதுசு வேணாம். இது உங்களோடது. நாங்க கேட்டதே தப்பு."

"உங்கம்மா..."

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

சைக்கிள் கடைக்காரர் மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் கேட்டார். "பொண்ணு?"

"பொண்ணு கூடவே வருவா."

"பின்னே?" என்றாள் மகள், ஏணியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபடி. "நான் இல்லாம அங்க காஜா யாரு போடறது? இவரு போட்டா பொத்தான் ஒரு பக்கம் போகும், ஓட்டை ஒரு பக்கம் போகும்."

மாமியார் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சைக்கிள் கடைக்காரரின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. தெருவே கேட்கட்டும் என்பதுபோல வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "மாப்பிள்ளை சும்மா ரிப்பேருக்குத்தான் வந்திருக்காரு! வேற ஒண்ணுமில்ல!"

தையல்காரன் கூரை மேல் ஏறினான். பேனல் இருந்த இடத்தில் நாலு போல்ட்டுகள் மொட்டையாக நின்றன. தொட்டுப் பார்த்தான். துரு இல்லை. விரலில் கிரீஸ் ஒட்டியது. ஒரு வருஷமாக யாரோ மேலே ஏறி ஏறி அவற்றுக்குக் கிரீஸ் போட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கிரீஸைத் துடைக்க மனசில்லாமல் அவன் அப்படியே குந்தியிருந்தான். தெரு முழுக்கத் தெரிந்தது. கயிற்றில் துணிகள், கம்பியில்லாத கம்பங்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மஞ்சள் புள்ளி. இந்த வீட்டில் மட்டுமாவது இன்றைக்கு வெள்ளை வெளிச்சம் வரட்டும் என்று ஸ்பேனரைச் சரிசெய்துகொண்டான்.

"தூக்கிக் குடுங்க மாமா!"

பேனல் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தான்.

கீழே வாசலில் சைக்கிள் கடைக்காரர் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெடித்த டியூப் ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மைத்துனி உள்ளேயிருந்து ஒரு போர்வையைக் கொண்டு வந்து நீட்டினாள். அவள் நிமிரவே இல்லை. அவர் அதை விரித்துப் பேனலைச் சுற்றி, நாலு மூலையும் செருகிக் கட்டினார். ஒரு வருஷமாகக் காணாத நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

"மாமா, என்ன பண்றீங்க? மேல குடுங்க, பூட்டிடறேன்!"

"கீழ எறங்குங்க மாப்பிள்ளை," என்றார் அவர் சந்தோஷமாக. "சின்னவளுக்கு வந்திருக்கிற இடத்துலயும் சோலார்தான் கேக்கறாங்க. இனிமே இதுல வெயில் படக் கூடாது."