மூன்றாம் ஓலைக்கு முன் கழற்ற வேண்டிய கல்

ஒரு பெண்ணின் பிறந்த வருஷத்தைக் கல்லறைக் கல்லில் பதித்துவிட்டு, அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்த மாப்பிள்ளை தாராவியிலேயே தனசீலன் ஒருவர்தான் இருக்க முடியும். ஐம்பத்தேழு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு அவர் பல காரணம் சொல்வார். உண்மைக் காரணம் ஒன்றுதான். கல்லறைக்குப் பெயர்க்கல் பதிக்கிற வேலை என்று சொன்னதும் பெண் வீட்டார் கொடுத்த காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

பம்பாயில் உயிரோடு இருக்கிறவனுக்கே கால் நீட்ட இடமில்லை, செத்தவனுக்கு எங்கே போவது? குழியில் படுத்துக் கிடக்க இரண்டு மூன்று வருஷம்தான் தவணை. பிறகு எலும்பை எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, மதில் சுவரில் வரிசையாகக் கட்டியிருக்கும் மாடங்களில் ஒன்றில் வைத்து, வாயைச் சலவைக்கல்லால் மூடிவிடுவார்கள். அந்தக் கல்லில்தான் பெயர், தேதி எல்லாம். மாடத்துக்கு ஊர் முழுக்க ‘நிச்’ என்று பெயர். எழுத்து வெட்டுவது கடையில் இருக்கிற மிஷின். பதிப்பது தனசீலனின் கை. நாலு மூலையில் நாலு பித்தளை ஆணி, நடுவில் தாராளமாகப் பசை, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட். “நான் ஒட்டின கல்லு கடைசி எக்காளம் ஊதினாத்தான் கழலும்” என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வாய்க்குத்தான் இப்போது தண்டனை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து இறந்துபோன ஜெபமணிக்குக் கல் சொல்ல அவர் அக்கா ஏஞ்சலம்மாள் வந்தார். கோவண்டிக்காரர், நர்ஸ் வேலையில் ரிட்டயர் ஆனவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைக்கிறவர். தனசீலன் தொழில் பழக்கத்தில் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்.

“அக்கா, சம்சாரம் பேரையும் இப்பவே போட்டுருவோம். பொறந்த வருஷத்தப் போட்டு ஒரு கோடு. பொறவு அந்த ரெண்டாவது வருஷத்த மட்டும் வெட்டிக்கிடலாம். கல்லக் கழட்டுற வேலையே இருக்காது.”

ஏஞ்சலம்மாள் சுவரை ஒரு நிமிஷம் பார்த்தார். “சரி, போடு” என்றார்.

மறு ஞாயிறு கல்லைப் பார்க்க வந்த விதவை ஆனி, தன் பெயரைப் படித்தார், தன் பிறந்த வருஷத்தைப் படித்தார், பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிற கோட்டைப் பார்த்தார். கையில் சிமெண்ட் கரண்டியோடு நின்ற தனசீலனிடம் திரும்பி, “என்னைக் கொண்டுபோயி அடைக்க ஒமக்கு என்னய்யா இம்புட்டு அவசரம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். செம்பூரில் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்துகொண்டு டாக்டருக்குக் கை ஒத்தாசையும் செய்கிற பெண், பல்லுக்கு என்ன குறை? தனசீலன் அந்த இடத்திலேயே காலி.

காலியான மனுஷன் வாயைத் திறக்க எட்டு வருஷம் ஆயிற்று. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் ஆனி பூவோடு வருவார். “உலகத்துலயே தன் பேருக்குத் தானே பூ வைக்கிறவ நான் ஒருத்திதான்” என்பார். போன ஆகஸ்டில், மழைக்கு இருவரும் மதில் ஓரம் ஒதுங்கி நின்றபோது தனசீலன் சொன்னார்.

“அந்தக் கல்லுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“பண்ணிட்டுத்தான் இருக்கீங்க. எட்டு வருஷமா.”

“அதச் சரி பண்ணணும்னு பாக்கேன். என்னக் கட்டிக்கிடுதீங்களா?”

ஆனி குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். நன்றாக நனைந்த பிறகு சரி என்றார்.

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டும், அதுதான் ஓலை. முதல் ஓலையன்றே ஏஞ்சலம்மாள் கோயில் வாசலில் நின்று, நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்: “கல்லுல பேரு இருக்கவரைக்கும் அவ என் தம்பி பொண்டாட்டி. மூணாவது ஓலையில எந்திரிச்சுச் சொல்லுதேன்.” இரண்டாம் ஓலைக்கு அவர் வரவேயில்லை.

ஆனிக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. உறவென்று சொல்ல இந்த மதினி, புருஷனின் அக்கா, ஒருத்திதான். இரண்டாம் ஓலை முடிந்ததும் ஆனி தனசீலனிடம் கறாராகச் சொன்னார்.

“சொவத்துல ஒருத்தர் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு இன்னொருத்தரோட ஓலையில நான் எப்படி நிக்க? மூணாவதுக்கு முன்னால என் பேரு அங்க இருக்கப்பிடாது. அப்படியே எடுத்தாலும், மதினி கோயில்ல எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லிட்டா, நான் பைய எடுத்துட்டு வெளிய போயிருவேன். பொறவு என்னத் தேடாதீங்க.”

கல்லைக் கழற்ற நிச் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கடுதாசி வேண்டும். நிச் ஏஞ்சலம்மாள் பெயரில். அந்த அம்மாவிடம் போய்க் கடுதாசி கேட்பதற்குத் தனசீலன் நேராக ஒரு பெட்டியைச் செய்து அதில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல மனுஷர்கள் செய்யக்கூடாத காரியத்தை இருவரும் சனிக்கிழமை மத்தியானம், கல்லறை ஆபீஸில் கணக்கு எழுதுகிற முன்ஷி சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில் செய்யத் துணிந்தார்கள். ஜெபமணியின் பெயரும் அடியில் ஒரு லில்லிப் பூவும் மட்டும் வெட்டிய புதுக் கல், சாக்குப்பையில் சுற்றித் தயாராக இருந்தது.

சிமெண்டைச் சுரண்டுவது பத்து நிமிஷ வேலை. ஆணிகளைத் துளை போட்டு எடுத்தது இன்னொரு பத்து. அப்புறம் உளியை விளிம்பில் கொடுத்து நெம்பினார். கல் அசையவில்லை. மூச்சைப் பிடித்து நெம்பினார். அவர் இடுப்புதான் அசைந்தது.

“என்னாச்சு?”

“பசை.”

“யாரு போட்டது?”

“நாந்தான்.”

“கொஞ்சமாப் போட்டிருக்கக் கூடாதா?”

“அப்பம் உங்க முகத்த நான் பாக்கலயே!”

ஆனி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். இருபது வருஷமாகப் பல் பிடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் குரலில் ஏறியது. “பல்ல யாரும் நேரா இழுக்க மாட்டாங்க. மொதல்ல ஈறப் பிரிக்கணும். தள்ளுங்க.” கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பல் இடுக்கில் ஓட்டிச் சுத்தம் பண்ணுகிற மெழுகு நூல். மூன்று புரியாக மடித்து, கல்லுக்குப் பின்னால் மேல் விளிம்பில் நுழைத்து, ஒரு முனையைத் தனசீலன் கையில் கொடுத்தார். “ரம்பம் மாதிரி இழுங்க. நான் விட்டா நீங்க, நீங்க விட்டா நான்.”

இழுத்தார்கள். நூல் பசையை அறுத்துக்கொண்டு முடி அளவு கீழே இறங்கியது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர், நடுவில் ஜெபமணி. இரண்டு முகமும் ஒரு முழ தூரத்தில் முன்னும் பின்னும் ஆடின. தனசீலனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. முப்பது வருஷமாக இந்தச் சுவரோடு குப்பை கொட்டியிருக்கிறார், ஒரு நாள்கூட இது இவ்வளவு அழகான சுவராகத் தெரிந்ததில்லை. நூல் அறுந்தது, புது நூல் வந்தது. அதுவும் அறுந்தது. ஆனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் சிரித்தால் மற்றவருக்கும் பிடி நழுவும் வேலை இது. இருவரும் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, செத்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மானங்கெட்டுச் சிரித்தார்கள்.

நாலாவது நூலில் கல் ‘டக்’ என்று விட்டது. தனசீலன் மார்போடு தாங்கிப் பிடித்தார். உள்ளே, தூசிக்கு நடுவில், பெட்டி.

ஆனியின் சிரிப்பு நின்றது. குனிந்து பெட்டியைப் பார்த்து, “என்னங்க, நாந்தான்” என்றார். “கோச்சுக்கிடாதீங்க. இவரு நல்ல மனுஷராத்தான் தெரியுது.”

“கோச்சுக்கிட அவனுக்கு எங்க வாயி இருக்கு?” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

ஏஞ்சலம்மாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கல்லைக் கழுவ வந்திருக்கிறார். தனசீலன் இடுப்பில் உளி, கையில் கல். இதைவிடக் கச்சிதமாக உலகத்தில் எந்தத் திருடனும் மாட்டியிருக்க மாட்டான்.

ஏஞ்சலம்மாள் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்தார். அவர்களை விலக்கிக்கொண்டு போய், கையை முழங்கை வரைக்கும் மாடத்துக்குள் விட்டு, பெட்டியை ஒருமுறை தடவினார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தைச் சாண் போட்டு அளந்தார்.

“ஏ தனசீலா. இதுக்குள்ள இன்னொரு பெட்டி அடங்குமா?”

தலை போகிற நேரத்திலும் தொழில்காரன் வாய் சும்மா இருக்காது. “நல்லா அடங்கும் அக்கா. ரெண்டு தாராளம். மூணாவதுதான் போவாது.”

“ரெண்டுதான? அன்னைக்கும் நான் ரெண்டுன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் நின்னேன். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. நீ படக்குன்னு சம்சாரம் பேரப் போடுவோம்ன. புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல எனக்கும் எடம் விடுங்கன்னு எந்த அக்காக்காரி கேப்பா?” ஆனி பக்கம் திரும்பினார். “சரி, அவ இருந்துட்டுப் போறான்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்பம் என்னன்னா, ஆளு கெளம்பிட்டா, எடத்த மட்டும் பூட்டிப் போட்டுட்டு.”

“மதினி, ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லப்பிடாதா?”

“என்னன்னு சொல்ல? ஒன் எடத்த எனக்குத் தாட்டின்னா? பம்பாயில எவ எடம் தருவா?”

“நான் தாரேன்” என்றார் ஆனி. “எடுத்துக்கிடுங்க மதினி.”

ஏஞ்சலம்மாள் மூக்கை முந்தானையால் துடைத்தார். துடைத்த கையோடு சாக்குப்பையைப் பிரித்துப் புதுக் கல்லைப் பார்த்தார். “இந்தப் பூ யாருக்கு? இது வேண்டாம். வேற கல்லுல தம்பி பேருக்குக் கீழ என் பேரப் போடு. நாளைக்குச் சாயங்காலம் ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க வரும்போது கல்லு சொவத்துல இருக்கணும்.”

“இருக்கும் அக்கா. அப்பம் நாளைக்கு ஓலையில... அந்தத் தடை...”

“அது கோயில்ல பேசவேண்டியது. கோயில்ல பேசிக்கிடுதேன்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சம்மதமா, மிரட்டலா என்று சுவரில் இருந்த ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் தனசீலன் புதுக் கல்லைப் பதித்தார், பசையைக் கொஞ்சமாகத்தான் போட்டார். நகத்து இடுக்கில் வெள்ளை சிமெண்டோடு பதினொன்றரை மணி தமிழ்ப் பூசைக்கு ஓடினார். ஹார்பர் லைனில் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக நிறுத்திவிடுவார்கள், கோவண்டியிலிருந்து ரயில் கிடையாது. வாழ்க்கையில் முதல்முறையாக மெகா பிளாக்குக்காக மாதாவுக்கு நன்றி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஏஞ்சலம்மாள் பட்டுச் சேலையில் வந்து, இரண்டாம் பெஞ்சில், ஆனிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பஸ்ஸில் வந்திருப்பார். ஆனி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பையையும் கோயில் வாசலையும் தனசீலன் மாறி மாறிப் பார்த்தார்.

ஃபாதர் வாசித்தார். “காலஞ்சென்ற வியாகப்பன், காலஞ்சென்ற மரியசெல்வம் இவர்களின் மகன் தனசீலன். காலஞ்சென்ற ஞானமுத்து, காலஞ்சென்ற லூர்தம்மாள் இவர்களின் மகளும், காலஞ்சென்ற ஜெபமணியின் விதவையுமான ஆனி. இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள்...”

“இருக்கு ஃபாதர்” என்று ஏஞ்சலம்மாள் எழுந்தார்.

கோயில் முழுவதும் திரும்பியது. இப்படி யாரும் நடுப்பூசையில் எழுந்து நிற்பதில்லை, பிறகு அறைக்குப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். ஆனி பையின் வாரைத் தோளில் மாட்டினார். தனசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன தடை அம்மா?”

“பொறவு என்ன ஃபாதர்? வாசிச்சது அம்புட்டும் செத்தவங்க பேரு. அந்தப் பொண்ணுக்கு உசுரோட ஒரு ஆளு இல்லையா? ஊரு என்ன நெனைக்கும், அனாதையப் பிடிச்சுக் கட்டி வைக்காங்கன்னு நெனைக்காதா? பொண்ணு வீடு நான். ஏஞ்சலம்மாள், கோவண்டி. அதையும் எழுதி, மொதல்ல இருந்து வாசிங்க.”

ஃபாதர் அங்கியில் பேனாவைத் தேடினார். இல்லை. தனசீலன் எப்படி எழுந்தார், எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. கல்லில் குறி போடுகிற சிவப்புப் பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பீடத்தின் படியேறி நீட்டிக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட, அது வரிசை வரிசையாக முன்னால் வந்து, பாடகர் குழுவையும் பிடித்துக்கொண்டது. ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினார். மூன்று ஓலையோடு முடிய வேண்டிய கல்யாணத்துக்கு நாலாவது தரமும் வாசித்தார். “கோவண்டி ஏஞ்சலம்மாள் வீட்டுப் பெண் ஆனி” என்று வந்த இடத்தில் ஆனி பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

ஏஞ்சலம்மாள் பீடத்தைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்.

“ஏட்டி, நேரா உக்காரு. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க பாக்காங்க.”