எஞ்சின் அறையில் கனகசபை

நண்பன் ஜெயராஜ் வீட்டு மாடியில் தன் ஆபீஸ் சார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ரமணிக்குத் திரும்பி இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது.

கோலாலம்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் வரைபடப் பிரிவில் அவளுக்கு வேலை. பிரிவின் தலைவர் கனகசபை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஐம்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. யார் வரைந்தாலும் கடைசியில் அவரே பென்சிலை எடுத்து மறுபடி வரைவார். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அவர் அறையில் விளக்கு எரியும். அவர் முன்னால் நின்று "யெஸ் சார்" என்பதைத் தவிர வேறெதுவும் ரமணி பேசியதில்லை.

"என் மாமா லா, அம்மாவோட அண்ணன்," என்றான் ஜெயராஜ். "ஆபீஸ விட்டா வேற உலகமே இல்ல இவருக்கு. நான்தான் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். உங்களுக்குள்ள தெரியுமா?"

"தெரியும்," என்றார் கனகசபை. ரமணி தலையாட்டினாள்.

அது 1984. லண்டனில் படித்துவிட்டு வந்த ஜெயராஜ் கொண்டுவந்த விளையாட்டைத்தான் ரமணியும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவன் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகையோ காய்களோ கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு விண்கலத்து ஆளாக மாறவேண்டும். அந்த ஆள் விண்படையில் எந்தப் பதவிவரை உயர்ந்தான் என்பதை முதலில் பகடை சொல்லிவிடும். பிறகு ஜெயராஜ் நிலைமையை விவரிப்பான். அவரவர் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதும் பகடையின் கையில். ரமணிக்கு நல்ல எண்களாக விழுந்து அவள் கேப்டனாகியிருந்தாள். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வரும் லோரி மெக்கானிக் பாலன், பீரங்கிக்காரன்.

கனகசபை பகடையை உருட்டினார். பதவி உயர்வு இல்லை. மறுபடி உருட்டினார். இல்லை. எத்தனை உருட்டியும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்ட எஞ்சின் அறை ஆளாகத்தான் அவர் வந்து சேர்ந்தார். பாலன் சிரிப்பை மறைக்கத் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டான்.

"அப்ப எனக்கு ஆர் மேலதிகாரி?"

ஜெயராஜ் ரமணியைக் காட்டினான். ரமணி ஜன்னலைப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கியது. வறண்டுபோன ஒரு கிரகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு கலம் கிளம்பியிருந்தது. பின்னால் கொள்ளையர் துரத்தினார்கள். என்ன செய்யவேண்டும் என்று ஜெயராஜ் கேட்டபோதெல்லாம் ரமணி, "சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

"அலாமா, யாரு கேப்டன்? நீயா அவரா?" என்றான் பாலன்.

அப்போது கலத்தில் குண்டு விழுந்தது. எஞ்சின் அறையில் தீ. "கதவ மூடி உள்ள இருக்கிற காத்த வெளியேத்தினா தீ அணைஞ்சிடும்," என்றான் ஜெயராஜ். "ஆனா உள்ள யாராவது இருந்தா செத்துடுவாங்க. மாமா, நீங்க எங்க?"

"உள்ளுக்குத்தான். நான் நிண்டு அணைக்கிறன்."

"முடியாது மாமா. தீ எரிபொருள் குழாய்க்குப் பக்கத்துல வந்திருச்சு."

"நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார் கனகசபை. ஆபீஸில் சொல்கிற அதே குரல்.

"சார், கொஞ்சம் வெளிய வர முடியுங்களா?" என்றாள் ரமணி.

"இல்லைப் பிள்ளை. எஞ்சின் போனா எல்லாம் போச்சு."

தீ குழாயைத் தொட்டுவிட்டதாக ஜெயராஜ் சொன்னான். ஏறிவந்த குடும்பங்களை நினைத்ததும் ரமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வெறும் ஆட்டம் என்பது அந்த நேரத்தில் மறந்தேபோனது.

"கனகசபை!" என்று கத்தினாள். "வெளிய வாங்க! இது உத்தரவு. எஞ்சின் போனா போகட்டும், எனக்கு ஆளுங்க வேணும். கதவ மூடப்போறேன்!"

கனகசபை அவளையே பார்த்தார்.

"சரி கேப்டன். வாறன்," என்றார்.

கதவு மூடியது. தீ அணைந்தது. நின்றுபோன எஞ்சினை மறுபடி உயிர்ப்பிக்க ரமணி பகடையை எடுத்தாள். பெரிய எண்ணாக விழவேண்டும். உருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பாலன் மேசையில் ஓங்கித் தட்டிய சத்தத்தில்தான் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. கலம் துள்ளிப் பாய்ந்து தப்பியது. கனகசபை வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பல்வரிசையை ரமணி பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. சாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் கத்தி.

மறுநாள் காலை கனகசபை அவளை அறைக்குள் அழைத்தார். "கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ."

"சார், நேத்து நான்..."

"ஜொகூர் கிளைக்கு மேனேஜராப் போகச்சொல்லி என்னைக் கேட்டவை," என்றார் அவர். "எனக்குப் போக விருப்பமில்லை. இந்த வேலையே கழுத்தை நெரிக்குது. வேண்டாமெண்டா என்ன நினைப்பினமோ எண்டு பயந்து நித்திரையே இல்லை. நேற்று நீங்கள் வெளியில வரச்சொன்ன உடனே எவ்வளவு சுகமா இருந்தது தெரியுமோ? என்னை ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லைப் பிள்ளை. இப்பதான் கம்பெனிப் பெரியவரிட்டப் போய், ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"கோவிச்சாருங்களா சார்?"

"இல்லை. 'ஓ, ஓகே, வேற ஆளப் பாக்கிறன்' எண்டார். அவ்வளவுதான்! இதுக்கா இவ்வளவு நாளும் முழிச்சுக் கிடந்தனான்?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு மேசையில் விரிந்திருந்த கிள்ளான் கிடங்கின் வரைபடத்தைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். "இதை நீங்களே முடிச்சு அனுப்புங்கோ. எனக்குக் காட்ட வேண்டாம். நான் இண்டைக்கு அஞ்சு மணிக்கே வீட்டை போறன்."

வெளியே வந்தபோதுதான் நேற்று இரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது ரமணிக்கு நினைவு வந்தது. மத்தியானம் ஆனதும் கீழே இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, மீன் கறி நிறைய ஊத்துங்க," என்றாள். முதல் சோறு தீருமுன்பே இரண்டாவது கேட்டு வாங்கினாள்.