அசனாரின் கஞ்சிக்கு உப்புப் பார்த்தவன்

1

இந்தக் கதை தோணியில அகப்பட்டது. நான் வாவியில ஆள் ஏத்தி இறக்கிறவன். யுத்தக் காலத்தில ஒரு நோன்பு மாசம், காத்தான்குடியில ஏறின ஒராள் பக்கத்தில இருந்தவரிட்டச் சொன்னார்: "பள்ளிவாசல் கஞ்சி உப்புக் கரிக்குது, வாயில வைக்கேலாது." அவ்வளவுதான். மறுகா இறங்கிப் போயிற்றார். மிச்சம் முழுக்க நான் கட்டினது. முதலே சொல்லிப்போட்டன், பிறகு என்னோட சண்டைக்கு வரப்படாது.

2

தொடக்கம்: வாவியின் நீலத் திரையிலே மாலைச் சூரியன் தன் பொற்

வேணாம். நான் காலம் முழுக்க அந்த வாவியில தண்டு வலிக்கிறன். திரை ஒண்டையும் காணல்ல.

மற்றத் தொடக்கம்: அசனார் மிகவும் நல்லவர், அவர்

இதுவும் வேணாம். நல்லவர் எண்டு எடுத்த எடுப்பில சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. நானும் நம்பமாட்டன்.

சரி, உள்ளதைச் சொல்றன். அசனார் விறகு கொத்துறவர். நோன்பு மாசத்தில மட்டும் பள்ளிவாசலில கஞ்சி காய்ச்சுவார். அந்த மாசம்தான் ஊர் அவருக்கு ஸலாம் சொல்லும். அரிசிக்குக் கூப்பன் வந்த காலம். கனபேருக்கு நோன்பு திறக்க அந்தக் கஞ்சியை விட்டா வேற ஒண்டுமில்ல. அதுதான் சில நாளாக் கரிச்சுக் கிடந்தது. பள்ளி நிருவாகம் பார்த்த அப்துல் கபூர் மரைக்கார் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொருக்கா இப்படி வந்தா அகப்பையை வெச்சிட்டுப் போங்க."

(அடிக்குறிப்பில வரவேண்டியது. எனக்கு அடியில எழுதத் தெரியாது, இங்கயே எழுதுறன். நோன்பாளி உப்புப் பார்க்கேலாது. நாக்கு நுனியில வெச்சுத் துப்பலாம் எண்டு சொல்றவங்க இரிக்காங்க, அசனார் அதுக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார். எல்லாம் கை அளவுதான். காய்ச்சுறவருக்கும் தெரியாது, குடிக்கிறவங்களுக்கும் அந்திப் பாங்கு சொல்லுமட்டும் தெரியாது.)

3

கஞ்சியைக் கெடுக்கிற கள்ளனைப் பிடிக்க ஒராள் வேணும். இன்சுபெக்டர் ஒருவரைக் கொண்டுவந்தன். அவர் வந்ததும் எல்லாரும் பொய் சொல்லத் தொடங்கிற்றாங்க. எழுதினதை அடிச்சிட்டன்.

மறுகா ஹோரேஸ் வந்தான். பட்டணத்துப் பறங்கி. தகர வேலைக்காரன். பள்ளிக் கூரைக்கு மழைத்தண்ணிப் பீலி அடிக்க வந்தவன். சாராயம் குடிக்கிற ஆளுக்கும் கஞ்சிக்கும் என்ன? கதையை விட்டுத் துரத்தப் பார்த்தன். ஏணியால இறங்கமாட்டன் எண்டு நிண்டான். நோன்பில்லாத நாக்கு அவன்ட ஒண்டுதான், அதால விட்டுவெச்சன்.

"ஹோரேஸ், ஒரு வாய் குடிச்சுச் சொல்லுங்க," எண்டார் அசனார்.

"பள்ளிக்குள்ள நான் குடிக்கிறத மரைக்கார் கண்டா?"

"நீங்க குடிக்கிறத ஊரே கண்டிரிக்கு. இது கஞ்சிதானே."

ஹோரேஸ் சிரட்டையை வாங்கிக் குடிச்சான். "நல்லாரிக்கு. இறைச்சிதான் காணாது."

"உப்பைக் கேட்டன்."

"உப்பு அளவு."

அசனார் பின்னேர அசர்த் தொழுகைக்குப் போயிற்று வந்தார். ஹோரேஸ் ருசி கண்டவன், இன்னொரு சிரட்டை அள்ளினான். உடனே துப்பினான்.

"அசனார், இது கடல்."

தொழுகை நேரத்தில ஒரு கை வந்திரிக்கு. அந்த நேரம் ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிக்குள்ள. வெளிய நிண்டு காவல் பார்க்கக்கூடியவன் ஒருத்தன்தான்.

"நாளைக்குக் கூரையில இரிப்பீங்களா?"

"கூலி தாற இடம் அதுதானே," எண்டான் ஹோரேஸ்.

4

அடுத்த நாள் பின் வேலியில ஆள் நுழையிற கடப்பால ஒரு பொம்பிளை வந்தா. வயசானவ. (அவவுக்கு ஒரு பேர் வெச்சிரிந்தன். கீறிப்போட்டன். இதை மரைக்காரும் வாசிப்பார்.) முக்காட்டுக்குள்ள இருந்து ஒரு சிரட்டையை எடுத்து, பிஸ்மி சொல்லி, பானைக்குள்ள கவிழ்த்தா.

"உம்மா, என்ன போடுறீங்க?" எண்டு கூரையில இருந்து கேட்டான் ஹோரேஸ்.

"நீ ஆரு?"

"பீலி அடிக்கிறவன்."

"அப்ப பீலியை அடி."

அவன் அடிக்கல்ல. அவ சிரட்டையை முக்காட்டுக்குள்ள ஒளிச்சா. மறுகா சொன்னா: "உப்பு. அரிசி உள்ளவங்க அரிசி குடுக்காங்க, தேங்கா உள்ளவங்க தேங்கா குடுக்காங்க. என்னட்ட ஒண்டுமில்ல. வாவிக்கரையில வெயிலுக்குக் காயிறதை வழிச்செடுத்துக் கொண்டாறன். பெருநாள் வருமட்டும் தாறதெண்டு நேர்ந்திரிக்கன். ஆருக்கும் சொல்லிப்போடாத மகன், சொன்னா நன்மை போயிரும்."

"கஞ்சி எப்பிடி இரிக்கு, குடிச்சீங்களா?"

"நேர்ந்து குடுத்ததை நேர்ந்தவ குடிக்கிறதா? நல்ல கதை."

5

ஹோரேஸ் அசனாரிட்ட மட்டும் சொல்லிப்போட்டான். இனி முடிவு.

முடிவு ஒண்டு: அசனார் மரைக்காரிட்ட உண்மையைச் சொல்றார். அகப்பை தப்புது. அடுத்த நாள் அவ அந்தக் கடப்பைத்

முடிக்கல்ல. அசனார் இதைக் கேள்விப்பட்டா என்னைத் தோணியோட கவிழ்ப்பார்.

முடிவு ரெண்டு: அசனார் வாய் திறக்கல்ல. அகப்பை வேறொருத்தன் கைக்குப் போகுது. அவனும் உப்புப் போடுவான், அவவும் போடுவா, கஞ்சி பின்னையும் கரிக்கும். அசனாரில பிழை இல்லையெண்டு ஊருக்குத் தெரிய வரும். வந்தா என்ன? மரைக்கார் காவல் வைப்பார். பிடிபடுறது அவதான். அடிச்சிட்டன்.

மூண்டாவதை நான் யோசிக்கல்ல. அசனாரே சொன்னார்.

"இண்டைக்கு நான் உப்புப் போடமாட்டன்."

ஹோரேஸ் சுத்தியலைக் கீழ வெச்சான். "நேத்து என்னைக் கண்ட பயத்தில அவ வராட்டி?"

"வருவா."

"வராட்டிக் கஞ்சி சப்பெண்டு கிடக்கும். மரைக்காருக்கு அது போதும்."

"அவவுக்கு இரிக்கிறது அந்த உப்பு ஒண்டுதான், ஹோரேஸ். அதுக்கு மேல என்ட உப்பைக் கொட்ட மாட்டன். அகப்பை போறதெண்டாப் போகட்டும்."

அசனார் பானை மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சிட்டுத் தொழப் போனார்.

6

ஹோரேஸ் பட்டணம் போயிற்றான். பீலி முடிஞ்சு போச்சு. நான்தான் முடிச்சு அனுப்பினன், இரிந்தா நாக்கை நீட்டுவான்.

பாங்குக்குக் கொஞ்ச நேரம் இரிக்கு. மரைக்கார் முதல் கோப்பையை முன்னுக்கு வெச்சுக்கொண்டு இரிக்கார். அசனார் அகப்பையை விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கார். அவ வந்தாவா? எழுதுறவனுக்குத் தெரியாதா எண்டு கேப்பீங்க. எனக்கும் நோன்பு. நானும் பார்க்கேலாது.

ஒரு சிரட்டை கஞ்சி அள்ளி உங்களுக்கு முன்னால வெச்சிரிக்கன். நீங்களும் நோன்பெண்டாப் பக்கத்தில உள்ளவரிட்டக் குடுங்க. இல்லாட்டி ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. எப்பிடி இரிந்தாலும் முகத்தைச் சுழிக்க வேணாம். மரைக்கார் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு இரிக்கார்.